மேலே திறந்தாச்சு

படிவத்தில் ஏழாவது கேள்வி:
ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பராமரிக்கிறீர்கள்?
இருபத்து நான்கு என்றேன்.
எட்டுக்கு மேல் போட்டால் கம்ப்யூட்டர் எடுக்காதும்மா
என்றான் இ-சேவை மையத்துப் பையன்.
சரி, எட்டே போடு.
மீதிப் பதினாறு மணி நேரம்
அவர் யாரோ, நான் யாரோ.

பக்கிரிசாமி, வயது எழுபத்தொன்று.
பொதுப்பணித்துறையில் லஸ்கர், முப்பத்து மூன்று வருடம்.
முள்ளியாற்றில் எந்த ஷட்டரை எத்தனை சுற்று சுற்றினால்
எவன் வயலில் கணுக்கால் தண்ணீர் நிற்கும் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.
இப்போது தூக்கத்தில் மட்டும்தான் சொல்கிறார்.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து டார்ச்சைத் தேடுகிறார்.
கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு
வலமாய்ச் சுற்றப் பார்க்கிறார்.
அது சுற்றாது.
"துரு ஏறிக் கிடக்கு, கிரீஸ் கொண்டா" என்கிறார்.
விளக்கெண்ணெயை எடுத்துக் கொடுக்கிறேன்.
வேறென்ன செய்ய.

முகாமுக்குக் கூட்டிப்போன அன்று
சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு
மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.
இன்னைக்கு என்ன கிழமை ஐயா?
"முறைத் தண்ணி வியாழன் வரைக்கும் நமக்கு.
வெள்ளி விடியக்காலம் அடைச்சிடுவேன்."
அன்று வியாழன்தான்.
டாக்டர் சிரித்துவிட்டார்.
முப்பத்தைந்து சதவீதம் என்று எழுதினார்.
நாற்பது இருந்தால்தான் பணம்.
அந்த ஐந்து சதவீதம்
வரும் வழியில் வேட்டியோடு போன மூத்திரத்தில் இருந்தது.
நான்தான் பஸ்ஸிலேயே துடைத்துவிட்டேன்.

தை மாதம், பூட்டிக் கிடந்த விதைக் கிடங்கில்
பகல்நேரப் பராமரிப்பு என்று போர்டு மாட்டினார்கள்.
செவ்வாய், வெள்ளி. பத்திலிருந்து மூன்று.
தலைஞாயிறிலிருந்து ரோஸ்லின் என்று ஒரு பெண் வருவாள்.
பணம் கிடைக்காதவர்களும் வரலாம் என்றாள்.
மொத்தம் ஒன்பது பேர்.
கமருன்னிசா என்பவர் என் வீட்டுக்காரரைத்
தன் தம்பி என்று சொல்லி பிஸ்கட் ஊட்டுவார்.
இவரும் அக்கா என்று வாயைத் திறப்பார்.
முதல் செவ்வாய்,
ஆறு மாதமாய் வலிக்கிற கடைவாய்ப் பல்லைப்
பிடுங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பியவள்
பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சிலேயே தூங்கிப்போனேன்.
மன்னார்குடி பஸ் மூன்றாவது போயிருக்கும்.
வாழைத்தார் இறக்குகிற சத்தத்தில் விழித்தபோது
என் பெயர் ஞாபகம் வந்தது.
அஞ்சலாட்சி.
யாரும் கூப்பிட்டு நாலு வருடம் ஆகிறது.

பங்குனியோடு நின்றுவிட்டது.
அடுத்த தவணை வரவில்லையாம்.
போர்டு இருக்கிறது.
ரோஸ்லின் திருப்பூரில் பனியன் மடிக்கிறாள்.
பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை மனுவோடு ஆட்சியர் அலுவலகம் போனேன்.
விட்டுவிட்டுப் போக ஆளில்லை, அவரும் கூட.
ஜன்னலுக்குள் இருந்தவர் மனுவில் முத்திரை குத்தி
"சென்னையில ஒதுக்கியாச்சும்மா, வந்துகிட்டிருக்கு" என்றார்.
வெளியே புங்கமரத்தடியில்
என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார் இவர்.
எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, நிமிர்ந்து நின்றார்.
"எந்த ஊரு?"
கடைமடைங்க.
"பயிர் காயுதா?"
காயுது.
"மேலே திறந்தாச்சும்மா. வந்துகிட்டிருக்கு.
நீ போயி வரப்பை மட்டும் கட்டி வை."

முப்பத்து மூன்று வருடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்.
சொல்லிவிட்டு வந்த நாட்களில்
சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார்.
அந்த ஜனங்கள் அவரிடம் கேட்டதையே நானும் கேட்டேன்:

சரிங்க, இப்ப எந்த மதகு வரைக்கும் வந்திருக்கு?

தன் செருப்பைப் பார்த்தபடி நின்றார்
வெகுநேரம்.